ஒரு கெஜத்துக்கான வழக்கு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நான்காவது டவுன் முடிவுகள்

கேள்வியும் அதன் பகுதிகளும்

நான்காவது வாய்ப்பில் ஒரே ஒரு கெஜம் தேவைப்படும் அணியின் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டுவரும் கேள்வி. கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் பந்தை முன்னெடுத்துச் செல்லும் இந்த விளையாட்டில், தாக்கும் அணி 10 கெஜம் முன்னேறுவதற்கு நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். முதல் மூன்று டவுன்களில் 9 கெஜம் மட்டுமே கிடைத்திருந்தால், பயிற்சியாளர் முன் மூன்று வழிகள் இருக்கும். பந்தைக் கையிலிருந்து விட்டு, அது தரையைத் தொடுமுன் உதைத்து, எதிரணி தன் எல்லைக்கு அருகிலிருந்து தொடங்குமாறு செய்யலாம், இது பன்ட். தொலைவு அனுமதித்தால் கம்பங்களுக்கு இடையே உதைத்து 3 புள்ளிகள் பெறலாம். இது ஃபீல்ட் கோல். அல்லது எஞ்சிய ஒரு கெஜத்தை எடுத்தே தீருவது என்று முயலலாம். அது தவறினால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணியின் கைக்குப் போய்விடும்.

இந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியாகப் பேசப்பட்டாலும், அதற்குள் மூன்று வேறு கேள்விகள் கலந்திருக்கின்றன. முயல வேண்டுமா என்பது முதலாவது. முயல்வதென்றால் எந்த ஆட்டத் திட்டத்தைத் தேர்வது என்பது இரண்டாவது. எடுத்த முடிவு சரியா தவறா என்று பின்னர் எதைக் கொண்டு தீர்ப்பளிப்பது என்பது மூன்றாவது. இவற்றுக்கான சான்றுகளின் தன்மையும் வலிமையும் ஒன்றுபோல் இல்லை. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையின் உறுதியை மற்ற இரண்டுக்கும் ஏற்றிவிடுவதே விவாதத்தில் அடிக்கடி நேரும் பிழை என்று கருத இடமிருக்கிறது.

விதி உருவான விதம்

இந்தக் கேள்வியை உருவாக்கியது விதிப்புத்தகமே. 1882இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கேம்ப்பின் முயற்சியால், மூன்று வாய்ப்புகளில் 5 கெஜம் முன்னேறாத அணி பந்தை இழக்கும் என்ற விதி வந்தது. முன்னேற வேண்டிய தொலைவு சிறியதாக இருந்ததால், உடல்களைத் திரட்டி ஒரே புள்ளியில் மோதும் ஆட்டமுறை பரவியது. அதனால் ஏற்பட்ட காயங்களும் உயிரிழப்புகளும் 1905இல் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவுக்குச் சென்றன. அடுத்த ஆண்டு, தேவையான தொலைவு 10 கெஜமாக இரட்டிப்பாக்கப்பட்டு, பந்தை முன்னோக்கி எறிவதும் அனுமதிக்கப்பட்டது. 1912இல் நான்காவது டவுன் சேர்க்கப்பட்டு, பந்தை எதிரணியின் கோல்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்க்கும் டச்டவுனின் மதிப்பு 6 புள்ளிகளாக உயர்த்தப்பட்டபோது இன்றைய ஆட்டத்தின் கணக்கு ஏறத்தாழ முழுமை பெற்றது.

பிற்காலத்தில் வந்த இரண்டு மாற்றங்கள் குறுந்தொலைவு முயற்சிகளின் எடையை மேலும் கூட்டின. 1958இல், டச்டவுனுக்குப் பின் உதைத்து ஒரு புள்ளி பெறுவதற்குப் பதிலாக, 3 கெஜக் கோட்டிலிருந்து ஓடியோ எறிந்தோ இரண்டு புள்ளிகள் பெற முயலும் உரிமை கல்லூரி அணிகளுக்குக் கிடைத்தது. 2021 முதல், சமநிலையில் முடியும் ஆட்டங்களின் கூடுதல் நேரத்தில் மூன்றாவது சுற்றிலிருந்து அந்த இரண்டு புள்ளி முயற்சி மட்டுமே மாறி மாறி நடைபெறுகிறது. அவ்வாண்டு அக்டோபரில் இல்லினாய், பென் ஸ்டேட் அணிகள் ஒன்பது சுற்றுகள் ஆடி 20–18 என்று முடிந்த ஆட்டத்தில், மூன்றாம் சுற்று முதல் எடுக்கப்பட்ட 14 முயற்சிகளில் மூன்றே வெற்றி பெற்றன. தேர்ந்த அணிகளுக்கும் மூன்று கெஜம் எளிதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி அரிது.

முதல் நிலைப்பாடு: களத்தின் இடமே செல்வம்

உதைத்துவிடுவதே அறிவுடைமை என்ற நிலைப்பாட்டைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. டென்னசி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நேலண்ட் போன்ற பயிற்சியாளர்களின் காலத்தில் ஆட்டங்கள் மிகக் குறைந்த புள்ளிகளில் முடிந்தன. நேலண்டின் 1939ஆம் ஆண்டு அணி வழக்கமான பருவம் முழுவதிலும் எதிரணிக்கு ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை. எதிரணி நீண்ட தொலைவைக் கடந்து புள்ளி பெறுவது அரிதாக இருந்த அந்தச் சூழலில், பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியின் பிழைக்காகக் காத்திருப்பது கணக்குக்கு ஒத்துவந்த வழியே. தன் பாதிக்களத்தில் முயன்று தோற்பது, அரிதாகக் கிடைக்கும் குறுகிய களத்தை எதிரணிக்குத் தானமாக்குவதாகக் கருதப்பட்டது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதன் தொடக்கத்தில் இல்லை. சூழல் மாறிய பின்னும் அது மாறாமல் தொடர்ந்ததில்தான் இருக்கிறது. எறிதல் ஆட்டம் வளர்ந்து, எந்த இடத்திலிருந்தும் எதிரணி புள்ளி பெறக்கூடும் என்ற நிலை வந்ததும், பன்ட் வாங்கித் தரும் 35 அல்லது 40 கெஜத்தின் மதிப்பு குறைந்தது. பந்தைத் தன்னிடமே வைத்திருப்பதன் மதிப்போ உயர்ந்தது. காலத்தால் நியாயம் பெற்ற ஒரு வழக்கம், காலம் கடந்த பின்னர் இயல்பான விவேகம்போலத் தோற்றம் கொண்டது.

இரண்டாவது நிலைப்பாடு: எதிர்பார்ப்பு மதிப்பின் கணக்கு

வழக்கத்தை எண்களால் சோதிக்கும் முயற்சி, தொழில்முறை ஆட்டத்திலிருந்து தொடங்கியது. அப்போது குவார்ட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை வழிநடத்தி பந்தை எறிபவராக, ஆடிக்கொண்டிருந்த வர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மேக்கோலுடன் சேர்ந்து 1971இல் வெளியிட்ட ஆய்வு, களத்தின் ஒவ்வோர் இடத்திலும் பந்தை வைத்திருப்பதற்குச் சராசரியாக எத்தனை புள்ளி மதிப்பு என்பதை 1969ஆம் ஆண்டு ஆட்டங்களிலிருந்து கணித்தது. 1978இல் அதே இருவரும் நான்காவது டவுனையே தனிப் பொருளாக எடுத்துக்கொண்டனர். ஆனால் பொதுவெளியில் பெரும் தாக்கத்தை உண்டாக்கியது, பெர்க்கிலியைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் டேவிட் ரோமர் 2006இல் வெளியிட்ட கட்டுரை. 1998 முதல் 2000 வரையிலான தொழில்முறை ஆட்டங்களின் முதல் கால்பகுதியை ஆராய்ந்த அவர், முயல்வதே மேல் என்று தம் கணக்கு காட்டிய 1,068 நான்காவது டவுன்களில் 959 முறை அணிகள் உதைத்துவிட்டன என்று கண்டார்.

இந்த வாதத்தின் அடிப்படையை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். கோல்கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் நான்காவது டவுன் நிற்கிறது என்று கொள்வோம். ஃபீல்ட் கோல் தவறவே தவறாது என்று வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 3 புள்ளிகள். டச்டவுனும் அதைத் தொடரும் உதையும் சேர்ந்தால் 7. எனவே முயற்சி 43 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி பெறுமானால், சராசரிக் கணக்கில் முயல்வதே லாபம். முயற்சி தோற்றாலும் எதிரணி தன் கோல்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து தொடங்க நேர்வதால், உண்மையில் தேவைப்படும் விழுக்காடு இன்னும் குறைவு.

இதற்கு மூன்று தடைகள் எழுப்பப்பட்டுள்ளன. நான்காவது டவுன் முயற்சிகள் குறைவாக இருந்ததால் ரோமர் மூன்றாவது டவுன் விளைவுகளையே பதிலியாகக் கொண்டார். அவ்விரண்டிலும் தடுக்கும் அணியின் மனநிலையும் அமைப்பும் ஒன்றுபோல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அடுத்து, சராசரி அணிக்குப் பொருந்தும் விதி ஒரு குறிப்பிட்ட அணிக்கு, அதுவும் முன்வரிசை வீரர் காயமுற்ற ஒரு மாலையில், பொருந்த வேண்டியதில்லை. மூன்றாவது தடை இன்னும் ஆழமானது. ரயன் பிரில், ரொனால்ட் யுர்கோ, ஏபிரகாம் வைனர் ஆகியோர் அண்மையில் சுட்டிக்காட்டியதுபோல், வெற்றி வாய்ப்பைக் கணிக்கும் மாதிரிகள் பல்லாயிரம் நகர்வுகளிலிருந்து கற்றாலும், ஓர் ஆட்டத்தின் எல்லா நகர்வுகளும் ஒரே வெற்றி தோல்வியைப் பகிர்ந்துகொள்வதால் உண்மையான தகவலின் அளவு தோற்றத்தைவிடச் சிறியது. ஆகையால் சரி, தவறு என்று திட்டவட்டமாக அறிவிக்கப்படும் பல முடிவுகள் உண்மையில் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. இருப்பினும், ஒரு கெஜமோ அதற்கும் குறைவோ தேவைப்படும் பெரும்பாலான சூழல்களில் முயல்வதன் சாதகம் இந்தத் தடைகளையும் தாங்கி நிற்பதாகவே தோன்றுகிறது.

தயக்கத்துக்கான விளக்கங்கள்

கணக்கு அவ்வாறு சொன்னபோதும் பயிற்சியாளர்கள் தயங்கியது ஏன் என்பதற்கு இரண்டு வகை விளக்கங்கள் உள்ளன. இழப்பின் வலி அதே அளவுள்ள ஆதாயத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து பிறந்தது உளவியல் விளக்கம். மற்றது நிறுவனம் சார்ந்தது: உதைத்துத் தோற்ற பயிற்சியாளருக்கு வழக்கம் துணை நிற்கும், முயன்று தோற்றவருக்கோ அவர் பெயரே குற்றச்சாட்டாகிவிடும். பல பல்கலைக்கழகங்களில் பெரும் ஊதியம் பெறும் பணியாளரான பயிற்சியாளர், ஓர் ஆட்டத்தின் வெற்றி வாய்ப்பை மட்டும் எடைபோடாமல், தம் பணியின் நீட்சியையும் எடைபோடுவது வியப்பல்ல.

மூன்றாவதாக ஒரு விளக்கமும் உண்டு. அது பயிற்சியாளர்களுக்கு உரிய மதிப்பைத் தருகிறது. எண்களில் பதிவாகாத செய்திகள் அவர்களிடம் உள்ளன: வாரப் பயிற்சியில் எந்த நகர்வு சரிவரவில்லை, எந்த வீரரின் தோள் வலிக்கிறது, எதிரணியின் எந்தத் தடுப்பாளர் தளர்ந்திருக்கிறார் என்பவை. இந்த விளக்கத்தின் குறை, அது எந்த முடிவையும் பின்னோக்கி நியாயப்படுத்தப் பயன்படக்கூடும் என்பது. உள்ளறிவே காரணமாக இருந்திருந்தால் விலகல்கள் இரு திசைகளிலும் இருந்திருக்க வேண்டும். ரோமரின் காலத் தரவில் அவை பெரிதும் உதைக்கும் திசையிலேயே இருந்தன.

எந்த ஆட்டம்? வலிமை, எண்ணிக்கை, கலப்பு

முயல்வது என்று முடிவான பின் எழும் இரண்டாவது கேள்வியில் கருத்து வேறுபாடு இன்னும் கூர்மையானது. 1951 முதல் 1978 வரை ஓஹையோ ஸ்டேட் அணியை நடத்திய வுடி ஹேய்ஸின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மரபு, குறுந்தொலைவில் வலிமையையே நம்புகிறது. குவார்ட்டர்பேக், பந்தைக் கால்களுக்கு இடையே பின்னுக்குத் தரும் நடுவீரரான சென்டருக்கு ஒட்டியே நிற்பார்; கனத்த தடுப்பாட்டக்காரர்கள் கூடுதலாக இறக்கப்படுவர்; குவார்ட்டர்பேக் தாமே முன்வரிசையின் பின்னால் நுழைந்து செல்லும் ஸ்னீக் இம்மரபின் சுருக்கமான வடிவம். கடக்க வேண்டிய தொலைவும் பிழைக்கான இடமும் குறைவு என்பது இதன் வலு. கனத்த வீரர் ஒவ்வொருவரும் எதிரணியிலிருந்தும் ஒருவரை அதே நெரிசலுக்குள் இழுத்துவருவார் என்பது இதன் பலவீனம்.

அந்தப் பலவீனத்திலிருந்து பிறந்ததே எண்ணிக்கையை நம்பும் மரபு. வீரர்களை அகலமாகப் பரப்பி, குவார்ட்டர்பேக்கைச் சென்டருக்குச் சுமார் 5 கெஜம் பின்னால் நிறுத்தும் ஷாட்கன் அமைப்பில், நடுக்களத்தில் தடுப்பவர்கள் குறைகின்றனர். குவார்ட்டர்பேக்கே ஓடுபவராகும்போது, வழக்கமாகப் பந்தைக் கொடுத்துவிட்டுப் பார்வையாளராக நிற்கும் ஒருவர் கணக்கில் சேர்ந்து, தாக்கும் அணிக்கு ஓர் ஆள் மிகுதியாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு கெஜத்துக்காக ஓடுபவர் ஆறு கெஜம் கடக்க வேண்டியிருப்பதும், பந்து காற்றில் பின்னோக்கி வரும் நொடியில் பிழை நேரக்கூடியதும் அதன் விலை. 2024 ஜனவரி 1 அன்று ரோஸ் போல் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், மிச்சிகனுக்கு எதிராக அலபாமாவின் கடைசி நம்பிக்கை, 3 கெஜத் தொலைவில் ஷாட்கன் அமைப்பிலிருந்து குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ நடுவே ஓடியதோடு முடிந்தது; தாழ்வாக வந்த பந்தும், நடுவே ஓடும் தேர்வும், அமைப்பும் தனித்தனியே குற்றஞ்சாட்டப்பட்டன. எது காரணம் என்பதை அந்த ஒரு நகர்விலிருந்து பிரித்தறிய வழியில்லை.

மூன்றாவது மரபு ஆட்டக் கோட்பாட்டிலிருந்து வருகிறது. ஜான் வான் நாய்மன் 1928இல் நிறுவிய கருத்தின்படி, நேரெதிர் நலன் கொண்ட இருவர் மோதும்போது, எதிராளியால் ஊகிக்க முடியாத விகிதத்தில் வழிகளைக் கலப்பதே சிறந்தது. கென்னத் கோவாஷும் ஸ்டீவன் லெவிட்டும் 2009இல் தொழில்முறை அணிகளை ஆராய்ந்து, அவை தேவையைவிடக் குறைவாகவே எறிகின்றன என்றும், முந்தைய நகர்வுக்கு மாறான நகர்வையே ஊகிக்கத்தக்க அளவில் தேர்கின்றன என்றும் முடிவுகண்டனர். இந்தப் பார்வையில், எது சிறந்த நகர்வு என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது. எப்போதும் வெல்லும் நகர்வு ஒன்று இருந்தால் எதிரணி அதற்கென்றே தயாராகிவிடும். எனினும், ஒரு பருவத்தில் சில பத்து முறையே வரும் சூழலில், சரியான கலவை எது என்று எந்த அணியாலும் சோதித்தறிய முடியாது என்பது இக்கோட்பாட்டின் நடைமுறைக் குறை.

இவற்றை ஒப்பிடும் புள்ளிவிவரங்களிலும் எச்சரிக்கை தேவை. ஆட்டப் பதிவில் ஒரு கெஜம் என்று எழுதப்படுவது சில அங்குலமாகவும் இருக்கலாம், ஒன்றரைக் கெஜத்தை நெருங்கவும் செய்யலாம். ஸ்னீக் பெரும்பாலும் அங்குலங்கள் எஞ்சும்போதே தேர்ந்தெடுக்கப்படுவதால், அதன் உயர்ந்த வெற்றி விழுக்காட்டில் நகர்வின் சிறப்பு எவ்வளவு, தொலைவின் சிறுமை எவ்வளவு என்பது தெளிவில்லை. பந்து நின்ற இடத்தை நடுவர்கள் கண்ணால் குறிப்பதே வழக்கமாக இருந்துவந்ததும் இதில் சேரும். 2016 நவம்பர் 26 அன்று மிச்சிகனுக்கு எதிராக ஓஹையோ ஸ்டேட் இரண்டாவது கூடுதல் சுற்றில் நான்காவது டவுனில் எடுத்த ஒரு கெஜம் உண்மையில் எட்டப்பட்டதா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. விதிகளும் நிலையாக இல்லை. 2005இல் நோட்டர் டாமுக்கு எதிராக ரெஜி புஷ் தம் குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து கோட்டுக்குள் தள்ளியது அன்றைய விதிக்குப் புறம்பானது; தண்டனை வழங்கப்படாத அச்செயலைக் கல்லூரி விதிகள் பின்னர் அனுமதித்துவிட்டன. தள்ளுவது இயலும் என்றானபின் ஸ்னீக்கின் பழைய கணக்குகள் அப்படியே செல்லுபடியாகா.

விளைவு தீர்ப்பளிக்குமா?

மூன்றாவது கேள்வியில் விளைவின் கவர்ச்சியே பெருந்தடை. ஒரே முடிவு நல்ல விளைவைத் தந்தால் நல்லதாகவும் தீய விளைவைத் தந்தால் தீயதாகவும் மதிப்பிடப்படுவதை ஜொனதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988இல் சோதனைகளால் காட்டினர். கல்லூரிக் கால்பந்து இதற்கு வரிசையாகச் சான்று தருகிறது. 1969 டிசம்பரில் ஆர்க்கன்சாவுக்கு எதிராக 14–8 என்று பின்தங்கியிருந்த டெக்சஸ், தன் 43 கெஜக் கோட்டில் நான்காவது டவுனில் 3 கெஜம் தேவைப்பட்டபோது, பயிற்சியாளர் டேரல் ராயலின் கட்டளைப்படி நீண்ட எறிதலைத் தேர்ந்தது; 44 கெஜம் கிடைத்து 15–14 என வென்றதால் அது துணிவின் இலக்கணமாயிற்று. பந்து கை தவறியிருந்தால் அதே தேர்வு அறிவின்மையின் இலக்கணமாக நினைக்கப்பட்டிருக்கும்.

பீட் கேரலின் இரு ஆட்டங்கள் இதை இன்னும் துல்லியமாகக் காட்டுகின்றன. 2006 ஜனவரி 4 அன்று டெக்சஸுக்கு எதிராக 38–33 என முன்னணியில் இருந்த தென் கலிஃபோர்னியா அணியின் பயிற்சியாளராக, சுமார் இரண்டு நிமிடங்கள் எஞ்சியிருக்கையில், நான்காவது டவுனில் 2 கெஜத்துக்காக வலிமைமிக்க ஓட்டக்காரர் லெண்டேல் வைட்டிடம் பந்தைக் கொடுக்கச் செய்தார். அவர் தடுக்கப்பட்டார், அணி 41–38 எனத் தோற்றது. 2015இல் தொழில்முறை இறுதிப் போட்டியில், கோல்கோட்டுக்கு ஒரு கெஜத்தில் அவருடைய சியாட்டில் அணி வலிமைமிக்க ஓட்டக்காரருக்குக் கொடுக்காமல் எறிந்தது. பந்து எதிரணியிடம் போயிற்று. முன்னதில் ஓடியதும் பின்னதில் ஓடாததும் குற்றமாயின. இரண்டு விமர்சனங்களுக்கும் பொதுவானது தோல்வி ஒன்றே.

கல்லூரிக் களத்தின் தனித்தன்மை

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை தொழில்முறைத் தரவைச் சார்ந்தவை; அவற்றைக் கல்லூரிக்குக் கடன் வாங்கும்போது நான்கு வேறுபாடுகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவதாக, 32 தொழில்முறை அணிகளுக்கு இடையே உள்ள சமநிலை, 130க்கும் மேற்பட்ட முதன்மைக் கல்லூரி அணிகளுக்கு இடையே இல்லை. வலிமையில் தாழ்ந்த அணிக்கு ஏற்ற இறக்கத்தைக் கூட்டும் துணிவும், உயர்ந்த அணிக்கு அமைதியும் ஏற்றவையாகலாம். இரண்டாவதாக, மாணவர் உதைப்பவர்களின் துல்லியம் பொதுவாகக் குறைவு. பந்து வைக்கப்படும் இடத்தை வரையறுக்கும் இரு உள்கோடுகள் இடையே 40 அடி அகன்றிருப்பதால் உதைக்கும் கோணமும் கடினமாகிறது. இவை முயல்வதற்குச் சாதகமான கூறுகள். மூன்றாவதாக, பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற பயிற்சி வரம்பு இருப்பதால், ஷாட்கன் அமைப்பிலேயே வளர்ந்த அணியிடம் ஒரு கெஜத்துக்காக மட்டும் வேறொரு அமைப்பைக் கோருவது, பழகாத கைமாற்றத்தைக் கடைசி நொடியில் கோருவதற்கு ஒப்பாகலாம். நான்காவதாக, களத்தில் நிற்பவர்கள் மாணவர்கள். ஒரு தவறிய பந்தின் பழி பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரின் தோளில் ஏறும்போது, கணக்கின் மொழி மட்டும் போதுமானதாக இருப்பதில்லை.

கோட்பாட்டை அப்படியே இடம் மாற்றுவதன் எல்லையைக் கெவின் கெல்லியின் வாழ்க்கை காட்டுகிறது. ஆர்க்கன்சாவின் புலாஸ்கி அகாதெமி உயர்நிலைப் பள்ளியில், ஏறத்தாழப் பன்ட்டே செய்யாமல் பல மாநிலப் பட்டங்களை வென்ற அவர், 2021இல் பிரஸ்பிட்டேரியன் கல்லூரிக்குப் பொறுப்பேற்றார். முதல் ஆட்டத்தில் 84 புள்ளிகள் குவித்த அணி, அப்பருவத்தை 2 வெற்றி, 9 தோல்வி என முடித்தது. இது அவருடைய கணக்கைப் பொய்யாக்கவில்லை. வீரர்களின் தரம் வேறுபடும் இடத்தில் முடிவெடுக்கும் முறை தனித்து நின்று ஓர் அணியைத் தூக்கிவிடாது என்பதையே உணர்த்துகிறது. இதற்கு மறுபக்கமாக, 2023 அக்டோபரில் வாஷிங்டனிடம் 36–33 என ஓரிகன் தோற்ற ஆட்டத்தில், டேன் லேனிங்கின் அணி நான்காவது டவுனில் மூன்று முறை தோற்றதை வைத்து அவருடைய துணிவையே தவறென்று முடிவுகட்டுவதும் மிகச் சிறிய சான்றின்மேல் கட்டப்பட்ட தீர்ப்பு.

மதிப்பீடு

இதுவரை கிடைத்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஒரு கெஜமோ அதற்குக் குறைவோ தேவைப்படும் இடங்களில் கல்லூரி அணிகள் மரபு அனுமதித்ததைவிட மிகுதியாக முயன்றிருக்கலாம் என்ற முடிவு ஓரளவு உறுதியானது. எந்த நகர்வைத் தேர்வது என்பதில் அத்தகைய உறுதி இல்லை. ஷாட்கன் அமைப்பே பிழை என்ற கண்டனமும், பழைய கனத்த அமைப்பு காலாவதியாயிற்று என்ற அறிவிப்பும் தரவைத் தாண்டிப் பேசுபவை. அங்குலக் கணக்கில் தொலைவை அளந்த பதிவுகள், தள்ளுவதை அனுமதித்த விதிக்குப் பிந்தைய கல்லூரித் தரவு, அணிகளின் வலிமை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளும் மாதிரிகள் ஆகியவை சேரும்வரை அக்கேள்வி திறந்தே இருக்கும்.

தீர்ப்பளிக்கும் முறையில் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. பந்து கைமாறுவதற்கு முந்தைய நொடியில் பயிற்சியாளர் அறிந்திருந்தவை எவை, அவர் முன் இருந்த மாற்று வழிகள் எவை, அந்த அணி எதைப் பழகியிருந்தது என்ற மூன்றையும் கேட்ட பின்னரே முடிவைக் குறைகூறுவது நியாயமாகும். 1984 ஜனவரியில் ஆரஞ்சு போல் ஆட்டத்தில், சமநிலையே பெரும்பாலும் தேசியப் பட்டத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்று கருதப்பட்டபோதும், நெப்ராஸ்காவின் டாம் ஆஸ்பர்ன் வெற்றிக்காக இரண்டு புள்ளி முயற்சியைத் தேர்ந்து மயாமியிடம் 31–30 எனத் தோற்றார். பட்டம் பெறும் வாய்ப்பை மட்டும் பெருக்குவதே நோக்கம் என்றால் அது தவறான தேர்வாகலாம். வென்றே பட்டம் பெற வேண்டும் என்பது நோக்கமானால் அதுவே ஒரே தேர்வு. எந்த வழி இலக்கை அடையும் என்பதைக் கணக்கு மேலும் மேலும் தெளிவாக்கும். எது இலக்கு என்பதை ஒவ்வொரு கல்லூரியும் அதன் பயிற்சியாளரும்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.